தானே கற்கும் வகுப்பறை: தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களையும், அவர்களுக்குக் கால அட்டவணை போட்டுத் தரும் தலைமையாசிரியர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. வகுப்பில் நாற்பது மாணவர்கள், நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை, தேர்வுக்குள் முடித்தாக வேண்டிய பாடப்பகுதி என்ற வழக்கமான நிலைமைக்குள்ளேயே மாணவர்கள் தாமாகக் கற்பதற்கு எப்படி இடம் உண்டாக்குவது என்பதுதான் இதன் பொருள். தனிக் கட்டடமோ விலையுயர்ந்த கருவிகளோ இதற்குத் தேவையில்லை. முன் தயாரிப்புக்கான நேரம் கட்டாயம் தேவை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆசிரியர் மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருக்க, "எல்லாரும் புத்தகத்தை எடுத்து அமைதியாப் படிங்க" என்று சொல்லப்பட்ட வகுப்பைத் தன்வழிக் கற்றல் வகுப்பு என்று கூற முடியாது. அங்கே எதைப் படிப்பது, எந்தப் பக்கம் வரை, எவ்வளவு நேரம் என்ற எல்லா முடிவுகளும் ஆசிரியரிடமே இருக்கின்றன. அவருடைய உதவி மட்டும் இல்லாமல் போய்விடுகிறது. நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. உதவி முன்பைவிடக் கூட வேண்டும், முடிவுகள் ஒவ்வொன்றாக மாணவர் கைக்கு மாற வேண்டும்.

அப்படிக் கைமாறக்கூடிய முடிவுகள் ஐந்து. எந்த வேகத்தில் கற்பது, எந்த வரிசையில் கற்பது, எந்த வழியில் கற்பது, கற்றது சரிதானா என்று எப்படிப் பார்த்துக்கொள்வது, எதைக் கற்பது என்ற இந்த ஐந்தும் ஒரே நாளில் கொடுக்கப்பட வேண்டியவையல்ல. மேலே உள்ள வரிசை எளியதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்கிறது. ஒரு பருவத்தில் இரண்டைக் கைமாற்ற முடிந்தால் அதுவே நல்ல வேகம். ஐந்தையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டு, "நம்ம பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று இரண்டாம் வாரத்தில் பழைய முறைக்குத் திரும்பிவிடும் வகுப்புகளில் குறை பெரும்பாலும் பிள்ளைகளிடம் இருப்பதில்லை.

நம் ஊர் அனுபவம் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது முற்றிலும் புதிய யோசனை அல்ல. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் கிராமப்புறப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட அட்டை வழிக் கற்றலைப் பின்பற்றி, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. பிறகு 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை கொண்டுசெல்லப்பட்டது. கற்க வேண்டியவற்றைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணி சுவரில், தட்டுகளில் வண்ணச் சின்னங்களோடு அட்டைகள், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், தாமே பதிந்துகொள்ளும் வருகை அட்டவணை ஆகியவை அப்போதைய வகுப்பறைகளில் இருந்தன. ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு எனக் குழு அட்டைகள் வைக்கப்பட்டிருக்கும். தன் கையிலிருக்கும் அட்டையின் சின்னத்தைப் பார்த்து, எந்தக் குழுவில் போய் உட்கார வேண்டும் என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

இன்று தன்வழிக் கற்றலை மேல்வகுப்புகளில் தொடங்க நினைப்பவர் அந்த முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. உதவி என்பது 'உண்டு, இல்லை' என்ற இரு நிலை கொண்டதன்று, அதில் பல படிகள் உண்டு என்பதை அந்தக் குழு அமைப்பு மிக அழகாகக் காட்டியது. அதை அப்படியே பின்பற்றலாம். மற்றொன்று அதன் எல்லை. குழந்தை தன் வேகத்தில் ஏணியில் ஏறியது உண்மை. ஆனால் ஏணியின் படிகள் முன்பே வரிசைப்படுத்தப்பட்டிருந்தன, அட்டையில் உள்ள செயலும் முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. ஐந்து முடிவுகளில் வேகம் ஒன்றுதான் பெருமளவுக்குக் கைமாறியது. சிறு குழந்தைகளுக்கு அது பொருத்தமானதே. பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவருக்கு அதோடு நின்றுவிடுவது போதாது.

முதல் படி: ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஓர் அலகு

வாரத்தில் ஒரு நாள், அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்குங்கள். ஒரே பாடவேளைக்குள் பொருள்களை எடுத்து, வேலையைத் தொடங்கி, சரிபார்த்து, குறிப்பெழுதி, எடுத்த இடத்தில் வைப்பது சாத்தியமில்லை. பாதியில் மணி அடிக்கும் வகுப்பில் மாணவர்கள் வேலையைத் திட்டமிடக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

அலகைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஏற்கெனவே ஓரளவு பழக்கப்பட்ட பொருளாகவும், பல வழிகளில் அணுகக்கூடியதாகவும், முடிவைத் தாமே சோதித்துப் பார்க்கக்கூடியதாகவும் இருப்பது நல்லது. ஆறாம் வகுப்பு அறிவியலின் 'அளவீடுகள்' இதற்கு மிகவும் ஏற்றது. குறை எண்களையோ இயற்கணித மாறிகளையோ முதல்முறையாக அறிமுகப்படுத்தும் பாடத்தை இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னறிவு எதுவும் இல்லாத இடத்தில் மாணவரைத் தனியே விடுவது நேரத்தை வீணாக்கும், தவறான புரிதலையும் ஊன்றிவிடும். அத்தகைய பாடங்களை நேரடியாகவும் தெளிவாகவும் நடத்திவிட்டு, பயிற்சிக்கும் பயன்பாட்டுக்கும் வரும்போது பொறுப்பை மாற்றுவதே முறை. அமிலம், அடுப்பு, மின்சாரம் தொடர்பான வேலைகள் எப்போதும் ஆசிரியரின் கண் முன்னே நடக்க வேண்டும்.

இரண்டாம் படி: அலகுத் திட்டத் தாள்

இந்த முறையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் இருக்கின்றன என்பதால், இதற்கு மற்ற எல்லாப் படிகளையும்விடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மிகாத தாள் போதும். அதன் மேற்பகுதியில் இந்த அலகின் முடிவில் தமக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்பது மாணவரின் மொழியில் இருக்க வேண்டும்: "நேராக இல்லாத கோட்டின் நீளத்தை என்னால் அளக்க முடியும்", "ஒழுங்கற்ற வடிவமுள்ள கல்லின் கன அளவைக் கண்டுபிடிக்க முடியும்", "அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் ஏன் தவறான அளவு கிடைக்கிறது என்று இன்னொருவருக்கு விளக்க முடியும்". பாடக்குறிப்பில் நாம் எழுதும் கற்றல் விளைவுகளை அப்படியே பெயர்த்து எழுதினால் மாணவர் அதைப் படிக்கவே மாட்டார்.

அதற்குக் கீழே எல்லாரும் செய்ய வேண்டிய வேலைகள் ஐந்தோ ஆறோ, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் வேலைகள் நான்கோ ஐந்தோ இருக்கட்டும். 'அளவீடுகள்' அலகில் பென்சிலை அளப்பது, வளைகோட்டை நூலாலும் கவையாலும் (இரு கூர்முனை கொண்ட வடிவியல் கருவி) அளப்பது, கல்லின் கன அளவைக் காண்பது, சாய்வாகப் பார்ப்பதால் வரும் இடமாறு தோற்றப் பிழையைச் செய்து பார்ப்பது ஆகியவை பொதுவான வேலைகளாக இருக்கலாம். ஒரு தாளின் தடிமனைக் கண்டுபிடித்தல், தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டு அளவுச் சாடி செய்தல், சாண், முழம், படி, மரக்கால் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அவற்றை இன்றைய அலகுகளில் மாற்றிப் பார்த்தல் போன்றவை விருப்ப வேலைகளாகலாம். எதை முதலில் செய்வது, எந்த விருப்ப வேலையை எடுப்பது என்ற முடிவு மாணவருடையது. இந்த இடத்தில்தான் வரிசை என்ற இரண்டாவது முடிவு கைமாறத் தொடங்குகிறது.

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை வேண்டும். நல்ல அட்டை, ஆசிரியரைக் கூப்பிடாமலே நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லும்: என்ன செய்ய வேண்டும், அதற்கான பொருள் எங்கே இருக்கிறது, முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும், நடுவில் சிக்கினால் எங்கே பார்க்க வேண்டும். கல்லின் கன அளவுக்கான அட்டை இப்படி இருக்கலாம்: "இரண்டாம் தட்டில் உள்ள அளவுச் சாடியில் 50 மி.லி. தண்ணீர் ஊற்றவும். கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்கவும். கல் முழுவதும் மூழ்கிய பின் தண்ணீரின் மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்கவும். இரண்டு அளவுகளின் வித்தியாசம் எவ்வளவு? அதே கல்லை இன்னொரு முறை அளந்து, முதல் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவும். கல் சாடிக்குள் நுழையாவிட்டால் எப்படி அளப்பீர்கள்? படம் வரைந்து காட்டவும்." மட்டம் 50இலிருந்து 64க்கு உயர்ந்தால் கல்லின் கன அளவு 14 கன செ.மீ. என்பதை மாணவரே அடைந்துவிடுவார். 'இன்னொரு முறை அளந்து பார்' என்ற வாக்கியம் சிறியதுதான், ஆனால் சரிபார்க்கும் பழக்கம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. கடைசிக் கேள்வி, வேகமாக முடித்தவரை மேலும் பத்து நிமிடம் யோசிக்க வைக்கும்.

அட்டைகளை வகுப்பில் வைப்பதற்கு முன் வேறு பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தமிழாசிரியர் தடுமாறும் இடத்தில் பிள்ளைகளும் தடுமாறுவார்கள்.

மூன்றாம் படி: அறையும் பொருளும்

பொருள்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும்வரை தன்வழிக் கற்றல் நடக்காது. அளவுச் சாடிகள், நூல், கத்தரிக்கோல், வரைபடத் தாள், அகராதி எல்லாம் பெயர் எழுதிய தட்டுகளில் திறந்த இடத்தில் இருக்க வேண்டும். உடையும், தொலையும் என்ற அச்சம் நியாயமானதே. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு மாணவர்களைப் பொறுப்பாக்கி, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் எண்ணி வைக்கச் செய்தால் இழப்பு பெரிதும் குறையும்.

பலரும் தயங்குவது விடைக் கோப்பை வைப்பதற்குத்தான். விடையைப் பார்த்து எழுதிவிடுவார்களே என்பது எல்லா ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி. தொடக்கத்தில் சிலர் எழுதத்தான் செய்வார்கள். அதைத் தடுப்பதற்கு விடையை ஒளித்துவைப்பது வழியன்று. ஒளித்துவைத்தால் சரிபார்ப்பது ஆசிரியரின் வேலை என்ற எண்ணம்தான் வலுப்படும். விடைக் கோப்பை மாணவர் உட்காரும் இடத்திலிருந்து தள்ளி, சன்னலோரம் ஒரு மேசையில் வையுங்கள். அங்கே போகும்போது தம் நோட்டை எடுத்துச் செல்ல வேண்டும், தாம் செய்ததைத் திருத்தப் பச்சை மை மட்டும் பயன்படுத்த வேண்டும், தவறாக இருந்தால் அதை அழிக்காமல் பக்கத்திலேயே 'எங்கே பிசகியது' என்று ஒரு வரி எழுத வேண்டும் என்ற மூன்று விதிகள் போதும். மதிப்பெண் அந்தப் பச்சை வரிக்கும் உண்டு என்று தெரிந்துவிட்டால், பார்த்து எழுதுவதால் கிடைக்கும் ஆதாயம் போய்விடுகிறது. எல்லாம் சரியாக, பச்சை மையே இல்லாமல் இருக்கும் நோட்டைத்தான் ஆசிரியர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தல்

பத்து வயதுவரை 'சொன்னதைச் செய்' என்று பழக்கப்பட்ட குழந்தை திடீரெனத் தானே திட்டமிடாது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் பாடத்தைவிடப் பழக்கங்களுக்கே நேரம் போகும். அதை இழப்பாக நினைக்க வேண்டாம். கற்றுக்கொடுக்க வேண்டிய பழக்கங்கள் சிலவே. அட்டையை இருமுறை படித்த பிறகே எழுந்து செல்வது ஒன்று. சிக்கினால் முதலில் புத்தகம், பிறகு பக்கத்தில் இருப்பவர், அதன் பிறகே ஆசிரியர் என்ற வரிசையைக் கடைப்பிடிப்பது இன்னொன்று. உதவி கேட்கும்போது 'வரலை' என்று சொல்லாமல், எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று சொல்லப் பழகுவது மூன்றாவது. மூன்றிலும் இதுவே கடினமானது.

இவற்றை அறிவுரையாகச் சொல்வதைவிடச் செய்து காட்டுவது பயன் தரும். ஆசிரியர் கரும்பலகைக்கு முன் நின்று, தமக்குப் பழக்கமில்லாத ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டலாம்: "இதில் என்ன கொடுத்திருக்காங்க... இதைப்போல முன்னாடி போட்டிருக்கோமா... இந்த வழி சரியா வராது போலிருக்கு, திரும்பிப் போய்ப் பார்ப்போம்." ஆசிரியரும் தடுமாறி, திரும்பிப் பார்த்து, வேறு வழியில் போவார் என்பதை மாணவர்கள் நேரில் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: பாடவேளையில் ஆசிரியர் செய்வது

மாணவர்கள் வேலையைத் தொடங்கிய பிறகு ஆசிரியருக்கு உட்கார நேரம் இருக்காது. கையில் ஒரு சிறு நோட்டுடன் வரிசை வரிசையாகச் சுற்றி வருவது, ஒரே இடத்தில் ஐந்தாறு பேர் சிக்கியிருப்பது தெரிந்தால் அவர்களை மட்டும் கரும்பலகை அருகே அழைத்து எட்டு, பத்து நிமிடம் நேரடியாகப் பாடம் நடத்துவது, மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது ஆகிய மூன்றும் மாறி மாறி நடக்கும். மூன்றாவதுதான் நம்மவர்களுக்கு மிகவும் சிரமமானது. தவறு கண்ணில் பட்டவுடன் திருத்திவிடக் கை துடிக்கும்.

ஒரு தாளின் தடிமனைக் காணும் வேலையை எடுத்துக்கொள்வோம். 240 பக்க நோட்டின் அட்டைகளை விட்டுவிட்டு அளந்தால் ஏறக்குறைய 10 மி.மீ. வருகிறது என்றால், ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை தாள் அடங்கும் என்பது கேள்வி. ஒரு குழு வந்து நிற்கிறது.

"மிஸ், எங்களுக்கு 24 வருது. விடைக் கோப்புல 12ன்னு போட்டிருக்கு. அது தப்பா மிஸ்?"

"தப்பாவும் இருக்கலாம். எதை எதால வகுத்தீங்க?"

"240ஐ 10ஆல மிஸ்."

"அந்த 240 எதோட எண்ணிக்கை?"

"நோட்டோட... பக்கம் மிஸ்."

"சரி, ஒரு தாளை மட்டும் கையில எடுத்துப் பாருங்க."

இதற்கு மேல் ஆசிரியர் பேசத் தேவையில்லை. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்பதை அந்தக் குழுவே கண்டுபிடித்துப் பச்சை மையில் எழுதும். இதையே, "பக்கத்தையும் தாளையும் குழப்பிட்டீங்க, இரண்டால வகுங்க" என்று சொல்லியிருந்தால் விடை சரியாகியிருக்கும். அடுத்த வேலையில் இதே வகையான பிசகு மீண்டும் வந்திருக்கும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் கேள்வியையே பதிலாகத் தருவதும் தவறு. அலகின் பெயர், வாய்பாடு, ஒரு சொல்லின் பொருள் போன்ற வெறும் தகவலைக் கேட்டால் உடனே சொல்லிவிட வேண்டும். யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடியதையும் சொன்னால்தான் தெரியக்கூடியதையும் பிரித்தறிவது ஆசிரியரின் பொறுப்பு.

ஆறாம் படி: கற்றல் குறிப்பேடு

ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் மாணவர் மூன்று வரிகள் எழுத வேண்டும்: இன்று என்ன செய்ய நினைத்தேன், என்ன முடிந்தது, அடுத்த முறை எதிலிருந்து தொடங்குவேன். நாற்பது நோட்டையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் ஒரு மாதத்தில் ஆசிரியர் சோர்ந்துவிடுவார். நாளொன்றுக்கு எட்டு நோட்டு என்று பிரித்துக்கொண்டால் வாரத்துக்கு ஒரு சுற்று முடியும். 'நன்று', 'முயற்சி தேவை' என்று எழுதிக் கையொப்பமிடுவதால் பயனில்லை. "மூன்று வேலை என்று எழுதியிருக்கிறாய், ஒன்றுதான் முடிந்திருக்கிறது, எதற்கு நினைத்ததைவிட அதிக நேரம் ஆனது?" என்று கேட்டால், மாணவர் தம் நேரத்தைக் கணிக்கக் கற்றுக்கொள்வார். முதல் மாதத்தில் எல்லாரும் தேவைக்கு அதிகமாகவே திட்டமிடுவார்கள். அது திருந்திவருவது இந்த முறை வேரூன்றுவதற்கான நம்பத்தகுந்த அடையாளம்.

பின்தங்குபவரும் முந்திவிடுபவரும்

சரளமாகப் படிக்க வராத மாணவருக்கு அட்டை வழிக் கற்றல் இரட்டைச் சுமை. அறிவியல் புரியாததால் நிற்கிறாரா, அட்டையின் வாக்கியம் புரியாததால் நிற்கிறாரா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். இரண்டாவதென்றால், படம் போட்ட அட்டை, வாசித்துக் காட்டும் இணை, ஆசிரியரே வாய்மொழியாகச் சொல்லும் முதல் இரண்டு படிகள் ஆகியவற்றில் ஒன்று உதவும். அவருடைய வாசிப்புக்கான தனிப் பயிற்சி வேறொரு நேரத்தில் கட்டாயம் நடக்க வேண்டும். 'தானே கற்கட்டும்' என்ற பெயரில் இந்தக் குழந்தைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவதே இந்த முறையில் நேரக்கூடிய மிகப் பெரிய அநீதி.

ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பவரிடம் முடிவுகளைக் குறைத்துக் கொடுங்கள். பத்து வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது அவருக்கு மலைப்பாக இருக்கலாம். இந்த இரண்டில் ஒன்று, பதினைந்து நிமிடத்தில் வந்து பார்க்கிறேன் என்றால் தொடங்கிவிடுவார். ஒரே வகுப்பில் ஒருவருக்கு இரண்டு முடிவுகளும் இன்னொருவருக்கு நான்கு முடிவுகளும் கொடுக்கப்படுவதில் தவறில்லை. எல்லாவற்றையும் முதல் பாடவேளையிலேயே முடித்துவிட்டு வருபவரை உதவி ஆசிரியராக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. எப்போதாவது சரி, எப்போதும் அதையே செய்தால் அவருடைய கற்றல் அங்கேயே நின்றுவிடும். 'எதைக் கற்பது' என்ற ஐந்தாவது முடிவை முதலில் பெற வேண்டியவர் அவர்தான்.

விருப்ப வேலைகளை வீட்டுப்பாடமாக மாற்ற வேண்டாம். தண்ணீர் பிடிக்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டிய குழந்தைக்கு வீட்டில் நேரம் இருக்காது. வீட்டில் உதவ ஆள் இருக்கும் குழந்தையின் வேலையே எப்போதும் சுவரில் தொங்கும்.

தலைமையாசிரியரின் பங்கு

தனி ஆசிரியர் ஒருவரின் ஆர்வத்தில் தொடங்குவது அவருடைய பணிமாறுதலோடு முடிந்துவிடும். ஆகவே தொடக்கத்திலேயே ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தும் இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்துவிடுங்கள். அட்டைகளை ஒருவர் எழுத மற்றவர் செய்து பார்ப்பார், மாணவர்களும் இரண்டு பாடங்களில் ஒரே பழக்கத்தைப் பெறுவார்கள். பள்ளி முழுவதும் அடுத்த திங்கள்முதல் என்று சுற்றறிக்கை விடுவதைத் தவிர்க்க வேண்டும். சுற்றறிக்கைக்காகச் செய்யப்படும் அட்டைகள் பார்வை நாளில் மட்டும் வெளியே வரும்.

இரட்டைப் பாடவேளை, நூலக அலமாரியின் சாவி, ஆய்வகத்தின் சாவி ஆகிய மூன்றும் தலைமையாசிரியர் கையில்தான் இருக்கின்றன. தயாரிப்பு நேரமும் அப்படியே. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வாராந்திரப் பணி நேரமாகக் குறிப்பிடும் 45 மணி நேரத்தில் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்தே சொல்கிறது. காலியாக இருக்கும் பாடவேளையை எல்லாம் வராத ஆசிரியரின் வகுப்புக்கு அனுப்பி நிரப்பிவிட்டு, அட்டை எப்போது தயாராகும் என்று கேட்பதில் பொருளில்லை. பார்வைக்கு வரும் அலுவலர், வகுப்பில் சத்தமாக இருக்கிறதே என்றோ பாடம் நடத்தப்படவில்லையே என்றோ கேட்டால், அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியாகக் கற்றல் நிகழ வேண்டும் என்று கூறுவதை எடுத்துக்காட்டலாம். அதைவிட நல்ல பதில், மாணவரின் நோட்டைக் கையில் கொடுத்து அவரையே விளக்கச் சொல்வது.

பெற்றோரிடமிருந்து வரும் முதல் குறை, "மிஸ் பாடமே நடத்துறதில்லையாம்" என்பதாகத்தான் இருக்கும். அது வருவதற்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு மூன்று மாணவர்களை நிறுத்தி, கல்லின் கன அளவைக் கண்டுபிடித்துக் காட்டச் செய்யுங்கள். நீண்ட விளக்கவுரை வேண்டியதில்லை.

பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்டுவரும் க்யூஆர் குறியீடுகளையும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் காணொளியைப் பார்ப்பது ஒரு வழியே தவிர ஒரு வேலையாகாது. 'காணொளியைப் பார்' என்று அட்டையில் எழுதினால் அதன் கீழே, பார்த்ததை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

மதிப்பெண்ணும் தேர்வும்

முப்பருவ முறையோடு 2012-13இல் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் நடத்தும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டு, வளரறியின் ஒரு பகுதி செயல்பாடுகளுக்கென்றே விடப்பட்டது. தன்வழிக் கற்றலில் மாணவர் செய்யும் விருப்ப வேலையும் அவருடைய குறிப்பேடும் இயல்பாகப் பொருந்தும் இடம் இதுதான். புதிதாக ஒரு சார்ட்டோ மாதிரியோ கடையில் வாங்கி ஒப்படைக்கச் சொல்லத் தேவையிருக்காது. மதிப்பெண் போடும்போது மாணவர் தமக்குத் தாமே எவ்வளவு கொடுப்பார் என்று முதலில் கேட்டு, காரணத்தோடு எழுதி வாங்குங்கள். உங்கள் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். தம்மைக் குறைத்து மதிப்பிடும் மாணவர்களும் இருப்பார்கள், அவர்களோடுதான் அதிகம் பேச வேண்டியிருக்கும்.

தேர்வு நெருங்கும்போது பெரும்பாலான பள்ளிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திருப்புதலுக்குப் போய்விடும். அந்த இரண்டு வாரங்களையும் இதே முறையில் நடத்தலாம். அலகுத் திட்டத் தாள்களைத் திரும்பக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'தெரியும்', 'அரைகுறை', 'தெரியாது' என்று குறிக்கச் சொல்லுங்கள். குறித்ததை அப்படியே நம்ப வேண்டாம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, 'தெரியும்' என்று குறித்த வரிகளில் இரண்டை எடுத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்துப் பச்சை மையால் தாமே திருத்தச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நினைவில் நிற்கும் என்பது ஆய்வுகளில் பலமுறை உறுதிப்பட்ட ஒன்று. வாசித்தபோது தெரிந்ததுபோல் இருந்தது எழுதும்போது வராமல் போவதையும் மாணவர் இங்கே தாமே கண்டுகொள்வார். அதன் பிறகு பத்து நாளுக்கான திருப்புதல் அட்டவணையை அவரவரே போடட்டும். தெரிந்த பாடத்தையே மறுபடி படித்து நிம்மதி தேடும் அட்டவணைகள்தான் முதலில் வரும். 'தெரியாது' என்று குறித்தவை முதல் நான்கு நாளுக்குள் ஒரு முறையாவது வந்திருக்கின்றனவா என்பதை மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுங்கள்.